பனையும் வலையும்: பழவேற்காட்டுப் பிள்ளைகளின் பண்டிகைக் கைவேலை

பழவேற்காடு ஏரியின் தென்கரைக் குப்பங்களில் பிள்ளைகளின் பண்டிகைப் பொருட்கள் நெடுங்காலம் கடைச் சரக்காக இருந்ததில்லை. கார்த்திகைக்குச் சுற்றும் மாவளி, கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கும் நட்சத்திரம், குருத்தோலை ஞாயிற்றின் சிலுவை, கோடை விடுமுறையின் நுங்கு வண்டி என ஆண்டு முழுக்க வரும் இவற்றுக்கு வேண்டியதெல்லாம் வீட்டைச் சுற்றியே கிடந்தது. கூரை வேய்ந்து மிஞ்சிய ஓலை, வலை பின்னி மிஞ்சிய நூல், கூடை முடைந்து மிஞ்சிய மூங்கில் சிம்பு, நுங்கு தின்று எறிந்த கோந்தை, கிழிந்த வேட்டி. பெரியவர்கள் பிழைப்புக்காகக் கையாண்ட பொருளில் கழிந்ததுதான் பிள்ளைகளின் மூலப்பொருள். அதனால் கரையில் தொழில் மாறிய ஒவ்வொரு முறையும் பிள்ளைகளின் கைவேலையும் மாறியது. கூரை, படகு, வலை ஆகியவற்றின் வரலாற்றை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது.

ஏரி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஊரை ஒட்டி, தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா என்னும் மணல்தீவு. தெற்கே ஆரணி ஆறு வந்து சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் ஊடாகப் போகிறது. மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து நன்னீரும் உப்புநீரும் கலக்கும். கோடையில் மணல் அடைத்துக்கொண்டு ஏரி கரித்துக் குறுகும். இந்த உப்பு மணலில் செழிப்பாக நிற்பது பனை. சவுக்கும் கோரையும் வேலிக்காத்தானும் அடுத்தடுத்து வரும்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாட்டுக்காக ஆய்வாளர்களால் அடிக்கடி குறிப்பிடப்படுபவை. மாதாகுப்பம் கத்தோலிக்க ஊர். பழவேற்காடு ஊருக்குள் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இருக்கின்றன. ஏரி ஓரத்தில் வலையே இல்லாமல் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள் வாழ்கிறார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர்கள் நீருக்குள் நகர்வது இந்தக் கரையின் பழைய காட்சி. இத்தனை விதமான மக்கள் இருப்பதால் பண்டிகைகளுக்குப் பஞ்சமில்லை. பொருள் மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

கடற்கரைப் பிள்ளைகள் கையில் கிடைத்ததைக்கொண்டு ஆடியதற்குத் தமிழில் மிகப் பழைய சான்றுகள் உண்டு. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் சிறுமியர் ஈரமணலில் பாவை செய்கிறார்கள், சிற்றில் கட்டுகிறார்கள். பஞ்சாய்க் கோரையைக் கிழித்து முடைந்த பாவை பல பாடல்களில் வருகிறது. குறுந்தொகையில் தச்சன் செய்து தந்த சிறுதேரைப் பிள்ளைகள் கையால் இழுத்து மகிழ்கிறார்கள். பட்டினப்பாலையில் மூன்று சக்கரத் தேரைச் சிறுவர்கள் உருட்டுகிறார்கள். இந்தத் தேர்கள் வசதியான வீட்டுச் சரக்கு, மணலும் கோரையும் யாருக்கும் கிடைப்பவை. பனையும் அங்கே இருக்கிறது. காதல் கைகூடாத தலைவன் கருக்குள்ள பனைமடலால் குதிரை செய்து, மாலையும் மணியும் பூட்டி, ஊரறிய ஏறி வருவேன் என்று மிரட்டுவது அகத்துறைகளில் ஒன்று. பனைமட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு சிறுவர்கள் தெருவில் ஓட்டும் குதிரைக்கு இத்தனை கௌரவமான அண்ணன் ஒருவன் இலக்கியத்தில் இருப்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

பழவேற்காட்டின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் கம்பெனிக் கணக்குகளில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் வந்தார்கள். இங்குள்ள மகிமை மாதா ஆலயம் தன் தொடக்கத்தை 1515ஆம் ஆண்டில் வைக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை வணிகம் முழுவதற்கும் அதைத் தலைமையிடமாக்கியது. 1690இல் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போனது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் கட்டம் போட்ட பழவேற்காட்டுத் துணி தென்கிழக்கு ஆசியச் சந்தைகளில் பெயர்பெற்ற சரக்கு. இந்த ஏடுகளில் பொதிக் கணக்கு உண்டு, கப்பல் கணக்கு உண்டு, வெடிமருந்துக் கணக்கும் உண்டு. விலைபோகாத ஓலைப் பொம்மையை எந்தக் குமாஸ்தாவும் எழுதிவைக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

ஓலை மட்டும் அந்த ஏடுகளுக்கு அந்நியமல்ல. உள்ளூர் அதிகாரிகளும் வணிகர்களும் எழுதிய கடிதங்கள் பனையோலையில்தான் வந்தன. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளைக்கு அடுத்த படி ஓலையும் எழுத்தாணியும். ஏடு தொடங்கும் நாள் விஜயதசமி. ஓலையை வாரி, ஈர்க்கு நீக்கி, வேகவைத்து, உலர்த்தி, ஒரே அளவாக நறுக்கித் துளையிடுவது வரை அன்றைய படிப்போடு ஒட்டிய கைவேலை. எழுதத் தெரியாத வீட்டிலும் ஓலையைக் கிழிக்கத் தெரியாத பிள்ளை இருந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் கூரை, பாய், முறம், விசிறி, பெட்டி, பறி எல்லாம் அதில்தான் ஆயின.

பண்டிகைக் கைவேலைகளில் அதிக உழைப்பும் அதிக நுட்பமும் கேட்பது மாவளி. வடதமிழ்நாட்டுக் கிராமங்களில் கார்த்திகைத் தீபத்தன்று இரவு சுற்றப்படும் இது, பட்டாசுக் கடைக்குப் போகாமல் பனையிலிருந்தே எடுக்கும் மத்தாப்பு. இதற்கு வேண்டியது ஆண் பனையின் பூ. பெண் பனை நுங்கு தரும். ஆண் பனை விரல் தடிமனில் நீண்ட கதிர்களாகப் பூத்து, மகரந்தம் உதிர்ந்ததும் காய்ந்து கீழே விழும். கோடையில் விழுந்ததைப் பொறுக்கி, மழை படாமல் பரணில் போட்டு வைத்திருப்பார்கள். கார்த்திகை வருவது வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் என்பதால் இந்த முன்யோசனை இல்லாவிட்டால் வேலை நடக்காது.

தீபத்துக்குச் சில நாள் முன்பு குழி வெட்டிக் கதிர்களை அடுக்கிக் கொளுத்துவார்கள். தீ நன்றாகப் பிடித்துத் தணல் ஆனதும் மண் போட்டு மூட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் எல்லாம் சாம்பல், அவசரப்பட்டால் பாதி வேகாத கட்டை. இந்தக் கட்டம் பெரியவர் கையில்தான் இருக்கும். ஆறிய கரியை அம்மியிலோ உரலிலோ பொடித்துத் துணியில் சலிப்பது பிள்ளைகள் வேலை. முகமெல்லாம் கரி அப்பிக்கொள்வதும் அப்போதுதான். சிலர் பொரியட்டும் என்று உப்பு சேர்ப்பார்கள். பழைய பருத்தி வேட்டித் துணியைக் குழாய்போல் தைத்து, பொடியை இறுக்கித் திணித்து, வாயைக் கட்டி, பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்து மேலும் கீழும் வரிந்துவிடுவார்கள். மட்டையின் மேல்முனையில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு கயிறு. உச்சியில் ஒரு தணலை வைத்து ஊதி, கங்கு பிடித்ததும் தலைக்கு மேலேயும் பக்கவாட்டிலும் சுற்றினால் பொறிகள் வட்டமாகச் சிதறும்.

இதன் சூட்சுமம் காற்றில் இருக்கிறது. கரிப்பொடி தானாக எரிந்தால் மெல்லக் கனன்றுகொண்டே கிடக்கும். சுற்றும் வேகத்தில் காற்று பாயும்போது கனல் கூடி, கருகிய துணியின் இடைவெளி வழியாகத் துகள்கள் வெளியே வீசப்படுகின்றன. பனம்பூவின் கரி மென்மையாகவும் லேசாகவும் இருப்பதால் துகள் பறக்கிறது. விறகுக் கரியில் இந்த அழகு வராது. துணி பருத்தியாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். நைலான் கலந்த துணி உருகி ஒட்டிக்கொண்டு பொறியை அடைத்துவிடும். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இதே பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலை நடத்தி, படேவியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பினார்கள். வெடிமருந்திலும் கரித்தூள் ஒரு பங்கு. வெடிக்க வைப்பது அதோடு சேரும் வெடியுப்பு. மாவளியில் அது இல்லாததால் எட்டு வயதுப் பிள்ளை கையிலும் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு கற்பிக்க ஆதாரம் இல்லை. ஒரே ஊரில் கரித்தூளுக்கு இரண்டு வேறு வாழ்க்கைகள் இருந்தன என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதே நாளில் கோயில் வாசலில் எரியும் சொக்கப்பனைக்கும் பனந்தண்டும் காய்ந்த ஓலையுமே வேண்டும். அதற்கு ஓலை சேர்க்கப் பிள்ளைகள் வீடு வீடாகப் போவது வழக்கம். ஒரு மாதம் கழித்து வரும் போகிக்குச் சென்னையிலும் திருவள்ளூர் வட்டாரத்திலும் விடியுமுன் சிறுவர்கள் தட்டும் சிறுமேளம், வளையத்தில் தோல் இழுத்து ஒட்டியது. அதைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். கைவேலைக் கணக்கில் அதன் குச்சி மட்டுமே சேரும்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வேறு வகைத் திறமை. மூங்கில் சிம்புகள் ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து முனைகளைக் கட்டினால் ஒரு நட்சத்திரம். இப்படி இரண்டு செய்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, உள்ளே சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் விரல் நீளக் குச்சியை நிறுத்தினால் தட்டையான சட்டம் உப்பிக்கொள்ளும். பிறகு கஞ்சியாலோ மைதாப் பசையாலோ வண்ணக் காகிதம் ஒட்டி, ஒரு முகத்தில் வாசல் விட்டு, உள்ளே விளக்கு. சிம்பு ஒரே கனமாக இல்லாவிட்டால் நட்சத்திரம் கோணிக்கொள்ளும். கூடை முடைபவர் வீட்டுப் பிள்ளை செய்தது நேராக நிற்கும். மாதாகுப்பம் போன்ற ஊர்களில் வலையின் முடிச்சுத் தெரிந்த கைகளுக்கு முனை கட்டுவது ஒரு வேலையே அல்ல. கிறிஸ்துமஸ் குடில் என்பது இத்தாலியின் கிரெச்சோவில் 1223இல் அசிசி பிரான்சிஸ் அமைத்ததாகச் சொல்லப்படும் காட்சியின் வழிவந்தது. அது தமிழ்க் கடற்கரைக்கு வந்தபோது தொழுவத்துக்கு வைக்கோலும் பனையோலைக் கூரையும், பாறைக்குப் பன்னாடையும் சாக்கும், தரைக்குக் கடற்கரை மணலும் ஆயின. பெத்லகேமின் தொழுவம் குப்பத்து வீட்டின் சாயலில் அமைந்ததற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல, வேறு பொருள் கையில் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிற்றில் குருத்தோலை பவனி. மந்திரித்த ஓலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிள்ளைகள் அதைக் கிழித்து மடித்துச் சிலுவை செய்வார்கள். ஒரு கீற்றை நான்கு முறை மடக்கிச் செருகினால் சிறு சிலுவை, பல கீற்றுகளைப் பின்னினால் பூப்போன்ற சிலுவை. அது ஆண்டு முழுக்கப் படத்தின் பின்னால் இருக்கும். மறுவருடச் சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் திரும்பக் கொடுக்க, அதை எரித்த சாம்பல்தான் நெற்றியில் பூசப்படும். பண்டிகைக் கைவேலை ஒன்று தன் முடிவையும் சடங்குக்குள்ளேயே வைத்திருப்பது அரிது.

இந்துக் கோயில் விழாக்களுக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கும் குருத்தோலைத் தோரணம். கீற்றின் நடுவில் மடித்துவிடும் உருவத்துக்குக் குருவி என்று பெயர். மங்கலத் தோரணத்தில் நான்கு குருவி, துக்க வீட்டுத் தோரணத்தில் மூன்று என்பது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் சொல்லப்படும் மரபு. விளையாட்டாக மடிக்கும் பிள்ளை மூன்றோடு நிறுத்திவிட்டால் பாட்டியிடம் திட்டு நிச்சயம்.

ஏப்ரல், மே மாதங்கள் பனைக்கும் பள்ளிக்கும் ஒத்துப்போகும் காலம்: நுங்கு வெட்டும் பருவமும் முழு ஆண்டு விடுமுறையும் சேர்ந்தே வரும். கண் தோண்டி நுங்கைச் சாப்பிட்டு எறியும் கோந்தை இரண்டை ஒரு குச்சியில் கோத்தால் சக்கரமும் அச்சும் தயார். கவைக்குச்சியால் அச்சைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். மட்டமாகச் சீவாத கோந்தை நொண்டும். இரண்டு மூன்று நாளில் வாடிச் சுருங்கிவிடும் என்பதால் வண்டியைப் பாதுகாக்கும் கவலை யாருக்கும் கிடையாது. ஓலைக் காற்றாடி இன்னும் எளிது. இரண்டு கீற்றைச் சிலுவையாகப் பின்னி, நடுவில் முள் குத்தி, ஒரு குச்சியின் முனையில் செருகிக் கடற்காற்றுக்கு எதிரே ஓடினால் போதும். முள்ளுக்கு இப்போது வேலிக்காத்தானைத்தான் ஒடிக்கிறார்கள். அமெரிக்க மண்ணின் அந்த மரம் 1870களில் ஆங்கிலேய அரசின் காட்டுத்துறை வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் கருவேல முள்ளும் உடைமுள்ளும் அந்த வேலையைச் செய்தன. ஓலைப்பந்து, ஓலைப்பாம்பு, உள்ளே கூழாங்கல் போட்டுப் பின்னும் கிலுகிலுப்பை ஆகியவையும் விடுமுறைச் சரக்குகளே. இவற்றைப் போன்ற இந்திய நாட்டுப்புற விளையாட்டுப் பொருட்களை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் சுதர்சன் கன்னா தொகுத்து 1983இல் நூலாக்கினார். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்யக் கற்றுத்தந்த அரவிந்த் குப்தாவின் முதல் நூல் 1980களின் பிற்பாதியில் வந்தது. காற்றாடியும் கிலுகிலுப்பையும் இயற்பியல் பாடம் என்று கற்றவர் உலகம் கவனித்தது இப்படித்தான்.

விளையாட்டாகத் தொடங்கிச் சம்பாத்தியமாக மாறிய ஓலைவேலையும் இங்கே உண்டு. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் முடையும் வண்ண ஓலைப்பெட்டிகள் ஊருக்கு வெளியே அறியப்பட்டவை. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, நகத்தாலோ கத்தியாலோ ஒரே அகலத்தில் வாரி, சாயப்பொடி கரைந்து கொதிக்கும் நீரில் போட்டெடுப்பார்கள். சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள் கீற்றுகளைச் சாயமேற்றாத ஓலையோடு சாய்வாகப் பின்னும்போது கட்டங்களும் கோணங்களும் விழும். அடிப்பாகம் தொடங்குவதும் விளிம்பு மடக்குவதும் கடினம், நடுப்பகுதி திரும்பத் திரும்ப வரும் பின்னல். ஆகவே சிறுமி முதலில் கற்பது நடுப்பகுதி. அடியும் விளிம்பும் அம்மாவுடையவை. வெளியே போய்ச் செய்யும் வேலை குறைவாக இருந்த பெண்களுக்கு, முற்றத்தில் உட்கார்ந்தபடி வீட்டு வேலைக்கு நடுவே செய்யக்கூடிய தொழில் இது. கல்யாணச் சீர், பண்டிகைப் பலகாரம், உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பும் பொருள் என எல்லாம் பெட்டியில் போகும். சங்கங்கள் வழியாகவும் வியாபாரிகள் வழியாகவும் சென்னைக்கு விற்பனைக்குப் போனபிறகு அளவும் வடிவமும் வாங்குபவர் விருப்பத்துக்கு மாறின. செட்டிநாட்டுக் கொட்டான் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. பழவேற்காட்டுப் பெட்டியின் பெயர் அந்த அளவுக்கு வெளியே ஏறவில்லை. வேலைப்பாட்டில் அது ஒன்றும் இளைத்ததல்ல.

ஓலைக்கு அடுத்தது நூல். பாடு இல்லாத நாளில் ஆண்கள் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அறுத்துப் போட்ட நூல் துண்டுகள் பிள்ளைகளுக்கு. விரல்களில் நூலை மாட்டித் தொட்டில், வலை, நட்சத்திரம் என உருவம் மாற்றும் ஆட்டம் உலகெங்கும் உள்ளது; நூல் மிகுந்த மீனவ ஊர்களில் அது செழிப்பது இயல்பு. சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் கட்டுமரங்களையும் இந்தியப் படகு வடிவங்களையும் ஆராய்ந்து 1920இல் நூல் வெளியிட்டவர். பின்னாளில் பசிபிக் தீவுகளின் நூல் உருவங்களையும் குஜராத்தின் நூல் உருவங்களையும் அவரே பதிவுசெய்தார். படகையும் விளையாட்டையும் ஒரே கண்ணால் பார்த்த அதிகாரி அவரைப்போல் அதிகம் பேர் இல்லை.

அன்றைய வலை பருத்தி நூலில் ஆனது. உப்புநீரில் விரைவில் மக்கும் என்பதால் மரப்பட்டைச் சாறு காய்ச்சி ஊறவைப்பார்கள். அப்படியும் அடிக்கடி கிழியும். கிழிந்த வலை மெத்தென்று இருந்ததால் ஊஞ்சலாகவும் பந்துக்கு உறையாகவும் ஆயிற்று. 1960களுக்குப் பிறகு நைலான் பரவியது. அது மக்கவில்லை, விரலை அறுத்தது, முடிச்சு வழுக்கியது. நூல் வேலையில் பிள்ளைகளின் பங்கு சுருங்கியது. வலையின் பிளாஸ்டிக் மிதவைகள் சக்கரமாயின. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினாலும் சக்கரமே. கட்டுமரத்தின் இடத்துக்குக் கண்ணாடியிழைப் படகு வந்தபோது தச்சன் செதுக்கிய மரச்சிராய் கிடைக்காமல் போனது. கடற்கரைக் குப்பங்களில் விளையாட்டுப் படகு இப்போது மீன்பெட்டியின் தெர்மாகோலில் செய்யப்படுகிறது. இதே மாற்றம் இலங்கையின் வடகரையிலும் நடந்தது. தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுவதில் புகழ்பெற்ற வல்வெட்டித்துறையில், பட்டத்தை வானில் ஒலிக்கச் செய்யும் ‘விண்’ முன்பு நாரிலும் ஓலையிலும் ஆனது. பின்னர் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடா அந்த இடத்தைப் பிடித்தது, ஒலியும் கூடியது. புதிய பொருள் எப்போதும் கெடுதல் என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

பள்ளி இந்தக் கதைக்குள் நேராக வந்தது இரண்டு வழியில். ஜெர்மனியின் ஃபிரடரிக் ஃபுரோபெல் 1840இல் பெயர் சூட்டிய கிண்டர்கார்ட்டன் முறையில் காகிதம் மடிப்பதும் பாய்போல் பின்னுவதும் பாடங்கள். மிஷன் பள்ளிகள் வழியாக அவை தமிழ்நாட்டுக்கு வந்தன. ஓலையில் ஏற்கனவே பின்னத் தெரிந்த பிள்ளைக்கு வண்ணக் காகிதத்தில் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். 1937இல் காந்தி முன்வைத்த வார்தா கல்வித் திட்டம் கைத்தொழிலைப் படிப்பின் மையமாக்கியது. சென்னை மாகாணத்தின் ஆதாரப் பள்ளிகளில் நூற்பும் பாய் முடைதலும் நடந்தன. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோரின் தொழில் என்றபோது விஷயம் வேறாகிவிட்டது. குலக்கல்வி என்று பெயர்பெற்ற அதை எதிர்த்துப் பெரும் கிளர்ச்சி எழுந்தது. 1954இல் காமராஜர் பொறுப்பேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது. இந்த எதிர்ப்பை மீனவக் குப்பத்திலிருந்து பார்த்தால்தான் அதன் கூர்மை புரியும். ஓலை முடைவதும் வலை பின்னுவதும் அங்கே பொழுதுபோக்கு மட்டுமல்ல, சாதியின் அடையாளமும்கூட. பண்டிகைக்கு மாவளி கட்டப் பிள்ளையை உட்கார வைக்கும் தகப்பனே, பள்ளியில் வலை பின்னச் சொன்னால் எதிர்ப்பார். வீட்டில் கிடைக்கும் கையறிவை விருப்பமாகவும், பள்ளியில் வரும் எழுத்தறிவை உரிமையாகவும் கருதியதில் முரண்பாடு எதுவும் இல்லை.

கைவேலையின் அடிப்பொருளை அசைத்த பெரிய மாற்றங்கள் அதற்குப் பின்னரே வந்தன. 1987இல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை விதிக்கப்பட்டதும் பனையேறிகள் குறைந்தார்கள். ஏற ஆள் இல்லாத பனையிலிருந்து குருத்தும் இறங்காது, நுங்கும் இறங்காது. செங்கல் சூளைக்கும் வீட்டுமனைக்கும் மரங்கள் போயின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரையெங்கும் நிவாரணமாகக் கான்கிரீட் வீடுகளும் கண்ணாடியிழைப் படகுகளும் வந்தன. பாதுகாப்பான வீடு வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஆண்டுதோறும் கூரை மாற்றும் வீட்டில் எப்போதும் ஒரு மூலையில் சாய்ந்திருந்த ஓலைக்கட்டு, கான்கிரீட் வீட்டில் இருக்கக் காரணமில்லை. பிள்ளைகள் ஓலைவேலையை மறந்தார்கள் என்று குறைசொல்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சிறு உண்மையைக் கவனிப்பதில்லை. கையருகே பொருள் இல்லாத இடத்தில் பழக்கம் மட்டும் எப்படி நிற்கும்? இதே காலத்தில் மடித்து வைக்கக்கூடிய பிளாஸ்டிக் நட்சத்திரமும், சிறு மின்விளக்குச் சரங்களும், சிவகாசி மத்தாப்பும் குப்பத்துக் கடைவரை வந்துவிட்டன.

எதிர்த்திசையிலும் சில நடந்திருக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும், இனிப்புக்கும் தாம்பூலத்துக்கும் ஓலைப்பெட்டி கேட்பவர்கள் பெருகினார்கள். சென்னையில் விடுமுறைக் காலத்தில் ஓலைக்கிளியும் காற்றாடியும் செய்யக் கற்றுத்தரும் வகுப்புகளுக்குப் பெற்றோர் கட்டணம் கட்டிப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். மாவளி இணையத்தில் விலைக்கு வருகிறது. குப்பத்தில் இலவசமாகக் கிடந்தது நகரத்தில் விலைபெறுவது கைவினைப் பொருட்களின் வழக்கமான பாதைதான். விலையில் எவ்வளவு முடைந்த கைக்குத் திரும்புகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் மானியத்தில் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. அதற்குப் பின் ஏரிக்கரைகளிலும் கடற்கரைகளிலும் மாணவர்களும் தன்னார்வலர்களும் விதை ஊன்றும் பணி பல மாவட்டங்களில் நடந்துவருகிறது. பனை பூக்கப் பன்னிரண்டிலிருந்து இருபது ஆண்டு ஆகும். பூத்த பிறகுதான் அது ஆணா பெண்ணா என்று தெரியும். 2021க்குப் பின் ஊன்றிய விதைகளில் எவை நுங்கு வண்டிக்குக் கோந்தை தரும், எவை மாவளிக்குப் பூ தரும் என்பது 2030களின் நடுவில்தான் தெரியத் தொடங்கும். பெட்டி முடையக் குருத்தோலை வெட்டுவதற்கு மட்டும் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.